ஆர்னே டிசெலியஸ்

ஆர்னே டிசெலியஸ் (ஆகஸ்ட் 10, 1902 - அக்டோபர் 29, 1971) சுவீடன் நாட்டைச் சேர்ந்த உயிர்வேதியியலாளர் ஆவார். புரதங்களைத் துண்டாக்காமல் முழு மூலக்கூறுகளாகவே பிரித்தெடுக்கும் முறைகளை வளர்த்தெடுத்தவர்களுள் இவர் முதன்மையானவர். 1948 ஆம் ஆண்டின் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

வாழ்க்கை

டிசெலியஸ் ஸ்டாக்ஹோம் நகரில் பிறந்தார். 1906 இல் தந்தை இறந்தபின் குடும்பம் கோத்தன்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1921 இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1925 முதல் தியோடர் ஸ்வெட்பரியின் உதவியாளராகப் பணியாற்றி, 1930 இல் முனைவர் பட்டம் பெற்றார். 1938 இல் அங்கேயே உயிர்வேதியியல் பேராசிரியரானார்.

மின்புல நகர்ச்சி

கரைசலில் மின்னோட்டம் செலுத்தினால், புரதங்கள் தத்தம் மின்னேற்றத்திற்கு ஏற்ப வெவ்வேறு விரைவில் நகரும். ஆனால் மின்னோட்டத்தால் எழும் வெப்பம் கரைசலைக் கலக்கிவிடுவதால் புரதங்களின் எல்லைகள் மங்கிவிடும். டிசெலியஸ், நீரின் அடர்த்தி உச்சமாக இருக்கும் 4 பாகை செல்சியசுக்கு அருகில் கருவியைக் குளிர்வித்து இக்குறையைக் களைந்தார். 1937 இல் வெளியான இம்முறையால் குருதித் தெளியத்தில் ஆல்புமினுடன் ஆல்பா, பீட்டா, காமா குளோபுலின்கள் தனித்தனியே இருப்பது தெரியவந்தது.

நிறப்பிரிகை

1903 இல் மிகைல் சுவெட் அறிமுகப்படுத்திய நிறப்பிரிகை, தாவர நிறமிகளைக் கண்ணால் கண்டு பிரிக்க உதவியது. நிறமற்ற பொருட்களுக்கு அவ்வழி பயன்படாது. எனவே 1940 இல் டிசெலியஸ், குழாயிலிருந்து வெளியேறும் நீர்மத்தின் ஒளிவிலகல் மாற்றத்தை அளக்கும் முறையைக் கொண்டுவந்தார்.

வலுவாக ஒட்டிக்கொள்ளும் பொருட்கள் குழாயிலிருந்து வால்போல நீண்டு வெளியேறி, ஒன்றோடொன்று கலந்துவிடுவது மற்றொரு சிக்கலாகும். 1952 இல் ஆல்ம், வில்லியம்ஸ் ஆகியோருடன் சேர்ந்து, வெளியேற்றும் கரைசலின் செறிவைப் படிப்படியாக உயர்த்தும் முறையை வெளியிட்டார். உப்புச் செறிவிலோ கரைப்பானிலோ சிறு மாற்றம் நேர்ந்தாலே முழுப் புரதம் பரப்பை விட்டு விடுபடக்கூடும் என்பதால், இத்தகைய சரிவுமுறை புரதங்களுக்கு மிகவும் பொருந்துகிறது. 1956 இல் யெர்டேன், லெவின் ஆகியோருடன் கால்சியம் பாஸ்பேட் நிரப்பிய குழாய்களில் புரதங்களைப் பிரித்துக் காட்டினார்.

பிற்காலம்

1960 முதல் 1964 வரை நோபல் அறக்கட்டளையின் தலைவராக இருந்தார். 1971 இல் உப்சாலாவில் காலமானார்.

தாக்கம்

ஓர் உயிரணுவில் ஆயிரக்கணக்கான புரதங்கள் உள்ளன. அவற்றைத் துண்டுகளாக்கினால் பிரிப்பது எளிது. ஆனால் ஒரே மூலக்கூறில் எந்தெந்த மாற்றங்கள் சேர்ந்து நிகழ்ந்திருந்தன என்ற தகவல் இழக்கப்படும். ஆகவே புரதத்தொகுதியியலில் முழுப் புரதங்களைப் பிரிப்பதும் இன்றியமையாததாகிறது. அதற்கான நீர்ம நிறப்பிரிகையில் இன்றும் சரிவுமுறையே பெரிதும் பயன்படுகிறது.