கைவழிக் கல்வி தந்த மாண்டிசோரி அம்மையார்

பெங்களூர்த் தெருக்களில் நடந்து செல்லும் நண்பர்களுக்கு மாண்டிசோரி என்னும் பெயர் புதியதன்று. மழலையர் பள்ளிகள் பலவற்றின் பெயர்ப்பலகைகளில் அதைக் காணலாம். ஆனால் அப்பெயருக்குரிய அம்மையார் தம் பணியை எங்கே தொடங்கினார் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. வசதியுள்ளோர் வீட்டுக் குழந்தைகளிடம் அவர் தொடங்கவில்லை. படிப்பு ஏறாது என்று உலகம் கைவிட்ட குழந்தைகளிடமே தொடங்கினார்.

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலியிலுள்ள கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வதைச் சமுதாயம் விரும்பாத காலம் அது. எதிர்ப்புகளைத் தாங்கி, 1896இல் ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் மனநோய் விடுதிகளுக்குச் சென்றபோது, அங்கே அடைத்து வைக்கப்பட்டிருந்த குழந்தைகளைக் கண்டார். அறிவு குன்றியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் அவர்கள். இவர்களுக்குத் தேவை மருந்தன்று, கல்வியே என்னும் முடிவுக்கு வந்தார்.

இட்டார், செகுவென் என்னும் பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைத் தேடிப் படித்தார். 1900இல் ரோமாபுரியில் இத்தகைய குழந்தைகளுக்கென ஒரு பள்ளி தொடங்கியபோது அதன் பொறுப்பாளர்களில் ஒருவரானார். அங்கே மரத்தால் எழுத்துகள் செய்வித்தார். குழந்தை எழுத்தைக் கண்ணால் பார்க்கும். எழுதும் திசையிலேயே விரலால் தடவும். ஒலியைக் காதால் கேட்டு வாயால் சொல்லும். அக்குழந்தைகளுள் சிலர் பொதுப் பள்ளித் தேர்வை மற்றவர்களோடு எழுதித் தேறினர். ஊர் வியந்தது. அம்மையாரோ கவலைப்பட்டார். இவர்களே இவ்வளவு கற்க முடியுமென்றால், குறையற்ற குழந்தைகளை நம் பள்ளிகள் எவ்வளவு கீழே அழுத்தி வைத்திருக்கின்றன!

அக்கேள்விக்கு விடை காணும் வாய்ப்பு 1907 ஜனவரி 6ஆம் நாள் வந்தது. ரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் பகுதியான சான் லொரென்சோவில் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் திறந்தார். மர எழுத்துகளுக்குப் பதிலாக உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினார். அவற்றைத் தடவிப் பழகிய நான்கைந்து வயதுக் குழந்தைகள் சில மாதங்களில் தாமாகவே எழுதத் தொடங்கினர்.

சொற்களைக் கற்பிக்க அவர் செகுவெனிடமிருந்து எடுத்துக்கொண்ட முறைக்கு மூன்று படிகள் உண்டு. ஆங்கிலத்தில் கப், ஸ்பூன் என்னும் இரு சொற்களைக் கற்பிப்பதாக வைத்துக்கொள்வோம். முதற்படியில் பொருளைக் குழந்தையின் கையில் கொடுத்துப் பெயரை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் படியில் பெயரைச் சொல்லிப் பொருளை எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். மூன்றாம் படியில்தான் பொருளைக் காட்டிப் பெயரைக் கேட்க வேண்டும். குழந்தை தவறினால் திருத்துவதில்லை, கடிவதில்லை. பாடத்தை நிறுத்தி, இன்னொரு நாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாமோ பெரும்பாலும் மூன்றாம் படியிலேயே தொடங்கி, விடை வராவிட்டால் மக்கு என்கிறோம்.

அம்மையார் 1939இல் தம் மகன் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேல் அழைப்பின்பேரில் ஆசிரியர் பயிற்சி தொடங்கியது. அவர் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் பகைநாட்டாராயினர். மாரியோ அகமதுநகரில் சிறைவைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்று எல்லைக்குள் இருத்தப்பட்டார். மணமாகாமல் பெற்ற மகனை உலகறிய மகனென்று சொல்ல முடியாமல் பல்லாண்டு வாழ்ந்தவர் அவர். அவருடைய எழுபதாம் பிறந்தநாளில் அரசு மாரியோவை அவருடைய மகன் என்றே குறிப்பிட்டு விடுவித்தது. பின்னர் கொடைக்கானலில் இருந்தும் பணியைத் தொடர்ந்தார். 1952 மே 6ஆம் நாள் ஹாலந்தில் காலமானார்.

தமிழகத்திலிருந்து இங்கே படிக்க வந்த நான், ஞாயிறுதோறும் ஒரு சிறுவனுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அவனுக்கு வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். பி, டி என்னும் சிற்றெழுத்துகள் அவன் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன. ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் வாங்கி இரண்டையும் வெட்டிக் கொடுத்தேன். நான்கு வாரங்கள் தடவி ஒலித்தபின், ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் பிரித்துச் சொன்னான். தடவுவதால் மட்டும் எல்லாம் வந்துவிடாது. எழுத்தையும் ஒலியையும் முறையாக இணைத்துப் பலமுறை பழக்க வேண்டும் என்பதை அறிவியல் மாணவன் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். இன்னும் அவன் பல சொற்களில் தடுமாறுகிறான். ஆனால் தன்னை மக்கு என்று சொல்லிக்கொள்வதை விட்டுவிட்டான்.

மணலில் விரலால் எழுதிப் படித்த திண்ணைப் பள்ளி மரபில் வந்தவர்கள் நாம். கையும் கற்கும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று, மறந்த செய்தி. அம்மையாரின் பெயர் பலகைகளில் இருக்கட்டும். அவர் முறை, அது முதலில் யாருக்காகப் பிறந்ததோ அக்குழந்தைகளின் கைக்கும் எட்டட்டும். நண்பர்களே, அதற்கு வேண்டியவை ஒரு தாள் உப்புத்தாளும் வாரத்தில் ஒரு மணி நேரமுமே.