ஈயக் குண்டின் வேகத்தை அளந்தவர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

இயக்கவியல் பாடத்தில் ஒரு கணக்கு தவறாமல் வரும். தொங்கும் மரக்கட்டையின் மீது துப்பாக்கிக் குண்டு ஒன்று பாய்ந்து உள்ளேயே தங்கிவிடுகிறது; கட்டை இவ்வளவு உயரம் எழும்பியது; குண்டின் வேகம் என்ன? உந்த அழிவின்மை விதியைப் போட்டு, ஆற்றல் சமன்பாட்டை எழுதி, மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு நாமும் அடுத்த கணக்கிற்குப் போய்விடுவோம். அந்த ஊசலைக் கட்டித் தொங்கவிட்டு உண்மையான குண்டைச் சுட்டுப் பார்த்தவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். துப்பாக்கி, பீரங்கி இயலை அறிவியலாக்கிய அந்த ஆங்கிலேயர் கண் மூடிய இடம் இலண்டன் அல்ல. நம் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம்!

1707ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் பாத் என்னும் நகரில், வசதியற்ற குவேக்கர் குடும்பத்தில் அவர் பிறந்தார். ஆயுதம் ஏந்துவதே பாவம் என்று கருதும் கிறித்தவப் பிரிவினர் குவேக்கர்கள். அந்த வீட்டிலிருந்து வந்த பிள்ளைதான் பின்னாளில் குண்டுகளின் போக்கை உலகிற்குக் கணக்கிட்டுச் சொன்னார் என்பது விந்தையே. பல்கலைக்கழகப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. தாமாகவே கணிதம் கற்று இலண்டன் சேர்ந்தார். நியூட்டனின் பிரின்சிப்பியா நூலின் மூன்றாம் பதிப்பைத் தயாரித்த பெம்பர்ட்டன் என்னும் அறிஞர் அவருக்கு ஆதரவானார். 1727இல் ராயல் கழகம் ராபின்சை உறுப்பினராக்கியபோது அவருக்கு வயது இருபதுதான். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். எனக்கும் இப்போது இருபது வயது. இந்த வரியைப் படித்தபோது என் நெஞ்சு சற்று நிமிர்ந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கணிதம் கற்பித்தார், பாலம், ஆலை, துறைமுகம், சதுப்பு நில வடிகால் என்று பொறியாளர் வேலையும் பார்த்தார். 1741இல் ஊல்விச்சில் படைக் கல்லூரி தொடங்கியபோது அங்கே பேராசிரியராக விரும்பினார், கிடைக்கவில்லை. மறு ஆண்டே, 1742இல், பீரங்கி இயலின் புதிய கோட்பாடுகள் என்னும் பொருள்படும் தம் நூலை வெளியிட்டார். அது சிறிய நூல்தான்.

அந்தக் காலத்துக் குண்டு எப்படிப்பட்டது? காரீயத்தை இரும்புக் கரண்டியில் உருக்கி, இரண்டாகப் பிளந்து திறக்கும் அச்சில் ஊற்றி வார்த்த உருண்டை அது. வீட்டு அடுப்பிலும் பாசறைத் தீயிலும் நடந்த வேலை. ஈயம் 327 டிகிரி செல்சியசில் உருகிவிடும், கனமும் மிகுதி, மென்மையும் உண்டு. ஆகவே குண்டு வார்க்க அதைவிட எளிய உலோகம் இல்லை. வார்த்தவர் பலர், சுட்டவர் பலர். அது என்ன வேகத்தில் போகிறது என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது! எறிபொருளின் பாதை பரவளையம் என்று கலிலியோ சொல்லிப் போனார். கனமான குண்டுக்குக் காற்று ஒரு பொருட்டல்ல என்று பீரங்கிக்காரர்களும் நம்பினர்.

ராபின்ஸ் ஒரு முக்காலியிலிருந்து கனத்த ஊசலைத் தொங்கவிட்டார். அதன் முகத்தில் தடித்த பலகை. அடியில் ஒரு நாடாவைக் கட்டினார். ஊசல் பின்னால் போகும்போது நாடாவும் இழுபடும். இழுபட்ட நாடாவின் நீளமே கணக்கிற்குப் போதும். ஒரு பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு எடையுள்ள ஈயக் குண்டு, நொடிக்கு ஏறத்தாழ 1,700 அடி வேகத்தில் புறப்படுவதை இந்த எளிய கருவி காட்டியது. ஒலியையும் முந்திச் செல்லும் வேகம் அது! பின்பு ஊசலைத் தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டார். காற்று அந்தச் சின்னக் குண்டை அதன் எடையைப்போல் 120 மடங்கு விசையுடன் தடுப்பது தெரிந்தது. பரவளையக் கணக்குப்படி 16 மைல் போக வேண்டிய பீரங்கிக் குண்டு உண்மையில் மூன்று மைல்கூடப் போகாததன் காரணம் இதுவே. நாம் ‘காற்றின் தடையைப் புறக்கணிக்க’ என்று எழுதிக் கணக்குப் போடும்போது எவ்வளவு பெரிய ஒன்றைப் புறக்கணிக்கிறோம் பாருங்கள்!

மருந்தையும் அவர் விடவில்லை. எங்கள் சிவகாசிப் பக்கத்தில் வெடியுப்பு, கந்தகம், கரி சேர்ந்த கலவைக்கு மருந்து என்றுதான் பெயர். உயிரைக் காப்பதற்கும் அதே பெயர், எடுப்பதற்கும் அதே பெயர். எரிந்த மருந்திலிருந்து வரும் வாயு, ஆறிய நிலையிலேயே மருந்தின் பருமனைப்போல் 244 மடங்கு இடத்தை அடைக்கும் என்று ராபின்ஸ் கண்டார். எரியும் வெப்பத்தில் அதன் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்காகும் என்று கணித்தார். பயராபீஸ் என்று எங்கள் ஊரார் சொல்லும் பட்டாசு ஆலையில் திரி வெட்டித்தான் என் தாயார் என்னைப் படிக்க வைக்கிறார். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. ஆயிரம் மடங்கு என்ற எண் எங்களுக்கு வெறும் எண்ணன்று. 1749இல் இலண்டன் கிரீன் பார்க்கில் நடந்த பெரும் வாணவேடிக்கையின்போதும் ஊரே வேடிக்கை பார்க்க, ராபின்ஸ் வாணங்கள் எழும் உயரத்தை அளக்க ஏற்பாடு செய்து, அதைக் கட்டுரையாக்கினார்.

குண்டு ஏன் குறி தவறுகிறது? விரைவாக உள்ளே தள்ள வசதியாகக் குழாயைவிடச் சற்றுச் சிறியதாகக் குண்டை வார்த்தனர். அது சுவரில் உராய்ந்து தாறுமாறாகச் சுழன்றுகொண்டு வெளியேறுகிறது. சுழல்வதால் காற்று அதை ஒரு பக்கம் தள்ளுகிறது. இதை மெய்ப்பிக்க ஒரு துப்பாக்கிக் குழாயின் முனையை இடப்பக்கம் வளைத்தே விட்டார்! வழியில் மெல்லிய காகிதத் திரைகளை நிறுத்திச் சுட்டபோது, இடப்பக்கம் புறப்பட்ட குண்டு போகப்போக வலப்பக்கம் திரும்பியது. நம் பந்துவீச்சாளர் பந்தைச் சுழற்றி விடுவதும் இந்த விதியை நம்பித்தான். குழாயின் உட்புறம் திருகு வரிகள் வெட்டினால் குண்டு பாதையையே அச்சாகக் கொண்டு சுழன்று நேராகப் போகும். இந்த ரைபிளை முதலில் முழுமையாகக் கைக்கொள்ளும் நாடே போரில் மேலோங்கும் என்று 1747இல் எழுதி வைத்தார்.

ராயல் கழகம் கோப்ளி பதக்கம் அளித்தது. மாமேதை ஆய்லர் 1745இல் அவர் நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்துப் பெரிய விரிவுரையும் சேர்த்தார். இளம் அதிகாரியாக இருந்த நெப்போலியன் இதன் பிரெஞ்சு வடிவைப் படித்துக் குறிப்பெடுத்தான்.

1749 முடிவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராகக் கப்பலேறிய ராபின்ஸ், 1750 ஜூலையில் புனித டேவிட் கோட்டை வந்து சேர்ந்தார். பிரெஞ்சுக்காரர் கையில் சென்னை சிக்கியதிலிருந்து கம்பெனியின் தலைமையிடமாக இருந்தது அந்தத் தேவனாம்பட்டினத்துக் கோட்டைதான். 1690இல் மராட்டியரிடம் அதை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்கள் எல்லாம் கம்பெனிக்கு என்று ஒப்பந்தம். குண்டு கிராமங்கள் என்றே அவற்றிற்குப் பெயர். குண்டு விழும் தூரத்தைக் கணக்கிட்டவர், குண்டு விழுந்த தூரத்தால் எல்லை கட்டிய மண்ணுக்கே வந்து சேர்ந்தார்! குண்டை எந்தப் பக்கம் சுடுகிறார்கள் என்று அந்த ஊர்க் குடியானவர்களை யாராவது கேட்டிருப்பார்களா?

அந்தக் கோட்டையையும் சென்னைக் கோட்டையையும் வலுப்படுத்த அவர் திட்டம் வரைந்தார். நம்மை ஆளவந்தவர்களின் மதிலுக்காக உழைத்தவரை நாம் ஏன் நினைக்க வேண்டும் என்று விடுதி நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த ஊசலுக்கு நான் தலைவணங்குகிறேன், மதிலுக்கு அல்ல. ஆனால் இரண்டையும் ஒரே கைதான் கட்டியது என்பதால், இந்த விடை எனக்கே முழு நிறைவு தரவில்லை.

வந்த சில வாரங்களிலேயே காய்ச்சல் கண்டது. தேறினார், ஆனால் உடல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 1751 ஜூலை 29ஆம் நாள், 44 வயதில், தேவனாம்பட்டினத்திலேயே காலமானார். 1758இல் பிரெஞ்சுப் படை அந்தக் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தது. கெடிலம் ஆற்றங்கரையில் இன்று சிதைந்த பகுதிகளே எஞ்சியுள்ளன.

அவர் எதிர்பார்த்த ரைபிள் படைகள் முழுவதற்கும் வந்துசேர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. ஈயக் குண்டைக் கொழுப்புத் தடவிய துணியில் சுற்றி வரிக்குழாயில் செலுத்தும் ஐரோப்பிய வழக்கத்தை அவரே எழுதியிருக்கிறார். என்பீல்டு ரைபிளோடு நம் நாட்டிற்கு வந்த தோட்டாவும் கொழுப்புத் தடவிய காகிதத்தில் சுற்றியதே. புதிய தோட்டாவைத் தொட மறுத்த சிப்பாய்கள் சிறையில் அடைக்கப்பட, 1857 மே 10ஆம் நாள் மீரட்டில் படை கிளர்ந்தெழுந்தது.