காற்றைக் கட்டிப்போட்ட கால்நடை டாக்டர்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழாவின் 7-ம் நாள் தேரோட்டம் நடக்கும். பெரிய தேர் அசைந்து அசைந்து மாட வீதியைச் சுற்றி வரும். தேரின் சக்கரத்துக்குக் காற்று அடிக்க வேண்டியது இல்லை. பஞ்சர் ஆகிவிடுமோ என்ற பயமும் இல்லை.

தேர் பார்க்க வருகிறவர்களின் பஸ், கார், சைக்கிள் எல்லாம் அப்படி அல்ல. அவை காற்றின் மேல் ஓடுகின்றன. காற்று இறங்கினால், வண்டி நின்றுவிடும்!

இந்தக் காற்றுச் சக்கரத்தை உலகம் முழுவதும் பரவச் செய்தவர் ஓர் என்ஜினீயர் அல்ல. மாட்டுக்கும் குதிரைக்கும் வைத்தியம் பார்த்த டாக்டர். அவர் பெயர் ஜான் பாய்டு டன்லப்.

மகனின் வண்டி

டன்லப் 1840-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி ஸ்காட்லாந்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். எடின்பரோவில் கால்நடை வைத்தியம் படித்தார். 1867-ல் அயர்லாந்துக்குக் குடியேறினார். அங்கே அவருக்கு நல்ல பெயர் கிடைத்தது.

அவருடைய சிறு மகனிடம் 3 சக்கர சைக்கிள் ஒன்று இருந்தது. சக்கரங்களில் கெட்டி ரப்பர். கல் பாவிய தெருவில் ஓட்டினால் உடம்பெல்லாம் குலுங்கும். மகன் படும் பாட்டைத் தந்தை பார்த்தார்.

1887-ம் ஆண்டு. டன்லப் மெல்லிய ரப்பர் தகட்டைக் குழாய்போல் ஒட்டினார். அதை ஒரு மர வட்டின் விளிம்பில் வைத்தார். மேலே துணியைச் சுற்றி ஆணி அடித்தார். பந்துக்குக் காற்று அடிக்கும் பம்பினால் காற்றை நிரப்பினார்.

பிறகு முற்றத்தில் ஒரு சோதனை. சைக்கிளின் கெட்டி ரப்பர் சக்கரத்தை உருட்டினார். அது பாதி வழியில் சாய்ந்து விழுந்தது. காற்றுச் சக்கரத்தை உருட்டினார். அது முற்றத்தைக் கடந்து, வாசல் கதவில் மோதித் துள்ளியது!

1888-ல் அவர் காப்புரிமை பெற்றார்.

கேலியும் வெற்றியும்

1889-ம் ஆண்டு மே மாதம் பெல்பாஸ்டில் சைக்கிள் பந்தயம் நடந்தது. வில்லி ஹியூம் என்ற வீரர் டன்லப் டயர் பூட்டிய சைக்கிளுடன் வந்தார். பருத்த டயரைக் கண்டு கூட்டம் சிரித்தது. ஹியூம் வென்றார். சிரிப்பு அடங்கியது.

அதே ஆண்டில் ஹார்வி டு குரோ என்ற வியாபாரி கம்பெனி தொடங்கினார். டன்லப்பும் அதில் சேர்ந்தார்.

இரண்டு இடிகள்

முதல் இடி, பஞ்சர். அன்றைய டயரைச் சக்கரத்தோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். முள் குத்தினால், துணியை அறுத்து உரித்துத்தான் ஓட்டையைத் தேட வேண்டும். ஒரு ஓட்டையை அடைக்கப் பல மணி நேரம் ஆகும்.

இரண்டாவது இடி 1890-ல் விழுந்தது. அவருடைய காப்புரிமை செல்லாது என்று தெரிந்தது! ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர், 1845-லேயே குதிரை வண்டிக்குக் காற்றுச் சக்கரம் செய்து காப்புரிமை வாங்கியிருந்தார். அன்று இன்றைய சைக்கிளும் இல்லை, மோட்டாரும் இல்லை. எனவே உலகம் அதை மறந்துவிட்டது.

கம்பெனி மூழ்கவில்லை. வெல்ச், பார்ட்லெட் என்ற இருவர், கழற்றி மாட்டும் டயருக்குத் தனித்தனியே வழி கண்டிருந்தனர். அந்த உரிமைகளைக் கம்பெனி வாங்கியது. வுட்ஸ் என்பவர் வால்வைத் திருத்தினார். நம் ஊர் சைக்கிளின் வால்வு அந்த வகையைச் சேர்ந்ததுதான். காற்றை உள்ளே நிரப்ப ஒருவர் போதும். அதை வெளியே விடாமல் காக்கப் பலர் வேண்டியிருந்தது.

கார் சக்கரம்

1895-ல் பிரான்சில் மிஷ்லின் சகோதரர்கள் காற்று டயர் பூட்டிய காரைப் பந்தயத்தில் ஓட்டினார்கள். வழி நெடுகப் பஞ்சர்! ஆனாலும் கார் சக்கரத்துக்குக் காற்று ஏற்றது என்பது உறுதியாயிற்று.

பழைய காலத்துக் கார்களில் கம்பிச் சக்கரம் உண்டு. கம்பிகளின் முனைகள் விளிம்பைத் துளைத்து நிற்கும். டியூப் இல்லாவிட்டால் அந்தத் துளைகளின் வழியே காற்று போய்விடும். ஆகவே உள்ளே டியூப் வேண்டும். கம்பி முனை டியூபைக் குத்தாதபடி நடுவில் ரப்பர் நாடாவும் வேண்டும்.

காற்று இறங்கினால் முதலில் வால்வைப் பார்க்க வேண்டும். சோப்பு நீர் தடவினால் கசியும் இடத்தில் நுரை கிளம்பும். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினால் ஓட்டை குமிழி விட்டுக் காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவ வேண்டும். அது உலர்ந்த பிறகே ஒட்டுப் போட வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டினால் நிற்காது. சக்கர விளிம்பில் துரு இருந்தால், டயரை மாட்டுமுன் அதையும் சுரண்டிவிட வேண்டும். இல்லையேல் துருவே டியூபை அறுத்துவிடும்.

பணம் போனது, பெயர் நின்றது

டன்லப் 1895-ல் கம்பெனியை விட்டு விலகினார். மறு ஆண்டே அந்தக் கம்பெனி 30 லட்சம் பவுனுக்கு விலை போயிற்று! அந்தப் பெருஞ்செல்வம் அவரைச் சேரவில்லை. டப்ளின் நகரில் ஒரு துணி வியாபாரத்தில் பங்கு வைத்துக்கொண்டு அமைதியாக வாழ்ந்தார். 1921-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி, 81-ம் வயதில் காலமானார்.

காப்புரிமை அவருக்கு நிலைக்கவில்லை. கம்பெனியும் அவருடையதாக இல்லை. பெயர் மட்டும் டயரில் ஏறிக் கடல் கடந்தது. மேற்கு வங்கத்தின் சாகாகஞ்சிலும், சென்னையை அடுத்த அம்பத்தூரிலும் அந்தப் பெயரில் டயர் தொழிற்சாலைகள் ஓடின. மகனின் குலுக்கலைத் தணிக்க நினைத்த தகப்பனால், முன்பின் அறியாத கோடிக்கணக்கான பிள்ளைகளின் குலுக்கலும் தணிந்தது.