இரு கால்வாய்களின் நாயகன்

கப்பற் கம்பனிகளிற் பணம் இடுவோர் கப்பலின் வயதையும் தொன் கணக்கையும் கூலியையும் ஆராய்வர். அக்கப்பல் நுழைந்து செல்லவேண்டிய நீர்வழியின் அகலத்தை எண்ணிப் பார்ப்போர் சிலரே. கடல் எத்துணைப் பரந்ததாயினும், கப்பலின் பருமனுக்கு எல்லை வகுப்பது இடையிலுள்ள ஒடுங்கிய கால்வாயன்றோ? இதனை நினைக்குந்தோறும் பெர்டினண்ட் டி லெசெப்ஸ் என்னும் பிரெஞ்சுக்காரரின் வாழ்வே என் கண்முன் வந்து நிற்கின்றது. ஒரு கால்வாயால் உலகப் புகழ் எய்தி, மற்றொன்றால் அதனை இழந்தவர் அவர். அவர் வரலாற்றை இங்கே சுருக்கமாகக் கூற விழைகின்றேன்.

லெசெப்ஸ் 1805 ஆம் ஆண்டு நவம்பர் 19 ஆம் நாள் வெர்சேல்ஸ் நகரிலே பிறந்தார். அரசதூதுப் பணி அவர் குடும்பத்தின் வழிவழித் தொழில். 1832 இல் அலெக்சாந்திரியாவிலே பணியேற்ற அவர், எகிப்தின் ஆட்சியாளர் முகம்மது அலியின் மைந்தர் சயித்துடன் நட்புப் பூண்டார். 1849 இல் உரோமாபுரிக்குச் சென்ற தூது முறிந்தது. அரசாங்கம் அவரைக் கைவிடவே, உத்தியோகத்தைத் துறந்து கமத்தொழிலில் இறங்கினார். 1854 இல் சயித் அரசுரிமை எய்திய செய்தி அவர் வாழ்வை மாற்றியது. எகிப்துக்கு விரைந்தவர், அவ்வாண்டிலேயே சூயஸ் கால்வாய் வெட்டும் உரிமையைப் பெற்றார்.

அவர் பொறியியல் கற்றவரல்லர், செல்வரும் அல்லர். பிறரை நம்பச் செய்யும் ஆற்றலே அவர் முதல். 1858 இல் 500 பிராங்க் விலையில் 4,00,000 பங்குகளை வெளியிட்டார். பாதிக்கு மேற்பட்டவற்றைப் பிரெஞ்சு மக்களே வாங்கினர். இங்கிலாந்து விலகி நின்றது. எஞ்சியவற்றுட் பெரும்பகுதி சயித்தின் தலையில் விழுந்தது. 1859 ஏப்பிரலில் வேலை தொடங்கிற்று. எகிப்தின் ஏழைக் குடியானவர் பல்லாயிரவர் கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டனர், மாண்டோரும் பலர். 1869 நவம்பர் 17 ஆம் நாள் கால்வாய் திறக்கப்பட்டது.

அன்று அதன் ஆழம் 8 மீற்றர். அடியகலம் 22 மீற்றர் மட்டுமே. செங்கடற் காற்று பாய்க்கப்பல்களுக்கு ஒவ்வாமையால், இப்புதிய வழி நீராவிக் கப்பல்களுக்கே உரியதாயிற்று. பாய்க்கப்பல்களிற் பணம் போட்டோர் நலிந்தனர். 1870 இல் 486 கப்பல்களே கடந்தன. கால்வாய்ப் பங்கின் விலையும் வீழ்ந்தது. பொறுத்திருந்தோர் பின்னர்ப் பன்மடங்கு பெற்றனர். கடனில் மூழ்கிய எகிப்து அரசர் இஸ்மாயிலோ, 1875 இல் தம் 1,76,602 பங்குகளையும் ஏறத்தாழ 40 இலட்சம் பவுணுக்கு இங்கிலாந்துக்கு விற்றுவிட்டார். அவ்வாண்டிலேயே கொழும்பில் அலைதடுப்பு அணை தொடங்கப்பெற்றது. காலித் துறையின் சிறப்புக் கொழும்புக்கு மாறியதிற் சூயஸ் வழிக்கும் பங்குண்டு.

இவ்வெற்றியோடு அவர் ஓய்ந்திருக்கலாம். 1879 இல், எழுபத்துமூன்று வயதில், பனாமாவை வெட்டவும் முன்வந்தார். சூயசில் நிலம் சமதரை, பூட்டுவாயில் வேண்டியதில்லை. பனாமாவிலோ மலையும், பெருக்கெடுக்கும் சாக்ரஸ் ஆறும், கொடுங்காய்ச்சலும் குறுக்கிட்டன. ஆற்றை மறித்து ஏரியாக்கிப் பூட்டுவாயில்களால் கப்பலை உயர்த்தலாம் என்று லெபினே என்ற பொறியியலாளர் அவ்வாண்டுப் பாரிஸ் மாநாட்டிலேயே வற்புறுத்தினார். லெசெப்ஸ் இணங்கவில்லை. கடல் மட்டத்திலேயே வெட்டவேண்டும் என்று நின்றார். அவர் பெயரை நம்பி ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பங்கு வாங்கினர். அவர்களுட் பெரும்பாலோர் ஐந்து பங்குக்கு மேல் வாங்க இயலாத சிறு சேமிப்பாளர்.

தோண்டிய மண் சரிந்து மீண்டும் குழியை நிரப்பிற்று. வேலையாட்களில் இருபதினாயிரவர்க்கு மேல் மாண்டனர் என்று மதிப்பிடுவர். 1887 இல் பூட்டுவாயில்களுக்கு உடன்பட்டு, பாரிஸ் கோபுரம் கட்டிய ஈபெலிடம் அவ்வேலையை ஒப்படைத்தார். காலம் கடந்துவிட்டது. 1889 பெப்ரவரியிற் கம்பனி முறிந்தது. பத்திரங்களிற் பணமிட்டோரையும் சேர்த்து ஏறத்தாழ எட்டு இலட்சம் பேரின் சேமிப்பு அழிந்தது. 1893 இல் நீதிமன்றம் முதியவர்க்கு ஐந்தாண்டுச் சிறை விதித்தது. சட்டக் காலவரம்பு கடந்தமையால் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. 1894 டிசம்பர் 7 இல் அவர் உயிர் நீத்தார்.

அமெரிக்கர் 1914 இற் பூட்டுவாயில்களோடு பனாமாவைத் திறந்தனர். வாயிலின் அகலம் 33.5 மீற்றர். அதனால் நெடுங்காலம் உலகெங்கும் கப்பல்கள் 32.3 மீற்றர் அகலத்துக்கு அளவெடுத்துக் கட்டப்பட்டன. 2016 இல் 55 மீற்றர் அகலமான புதிய வாயில்கள் திறந்தபோது, பழைய அளவிற் கட்டிய கப்பல்கள் பல மதிப்பிழந்து உடைப்புத்துறைக்குச் சென்றன. சூயஸ் 1967 முதல் 1975 வரை மூடிக்கிடந்த காலத்திலோ, ஆபிரிக்காவைச் சுற்றிச் செல்லும் மாபெரும் எண்ணெய்க் கப்பல்கள் பெருகின. வழி மீண்டும் திறந்தபோது சுமையேற்றிய நிலையில் அவற்றுட் பல அதனுள் நுழைய இயலவில்லை.

லெசெப்ஸ் வஞ்சகர் என்று நான் எண்ணவில்லை. சூயசின் மணலிற் கண்ட வெற்றியைப் பனாமாவின் மலையிலும் எதிர்பார்த்தார். அதுவே அவர் குற்றம். ஆயினும் அதற்குரிய விலையைக் கொடுத்தோர், அவர் பெயரையே ஈடாகக் கொண்டு சேமிப்பைக் கொடுத்த எளிய மக்கள். 1956 இல் எகிப்தியர் போர்ட் சயிட்டில் நின்ற அவர் சிலையைத் தகர்த்தனர். கால்வாய் அங்கேதான் இருக்கின்றது. இன்றும் எத்துணைப் பெரிய கப்பல் செல்லலாம் என்பதை வகுத்துக்கொண்டே இருக்கின்றது. கப்பலில் முதலிட எண்ணுவோர், கப்பலுக்கு முன்னே அது செல்லும் வழியை அளந்து பார்ப்பது நன்று.