தொண்டமானும் நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியும்

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக டயகம வரை ஏறும் வீதியில் தேயிலையும் லயன்களும்தான். இத்தனை சனம் வாழும் மலைகள், தம்மவர் ஒருவரைத் தெரிவுசெய்து நாடாளுமன்றம் அனுப்ப முடியாமல் 25 ஆண்டுகள் கிடந்தன. சௌமியமூர்த்தி தொண்டமானின் கதை அந்த 25 ஆண்டுகளின் கதையும்தான்.

1913 இல் சிவகங்கைச் சீமையின் முனப்புதூரில் பிறந்தவர். கூலியாக வந்த தந்தை கருப்பையா கங்காணியாகி, இறம்பொடைக்கு அருகே வேவண்டன் தோட்டத்தையே வாங்கினார். தோட்ட முதலாளியின் மகன் தொழிலாளர் தலைவரானது எதிரணியினர் கடைசிவரை சொல்லிக்காட்டிய முரண்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் வாக்குரிமையும் போனது. தொகுதிகள் 75,000 பேருக்கு ஒன்று என்று தலைகளை எண்ணி வகுக்கப்பட்டவை. 1952 இல் அதே தொகுதிகள் இருந்தன, எண்ணப்பட்ட சனத்துக்கு வாக்கு மட்டும் இல்லை. சத்தியாக்கிரகமும் பயன் தரவில்லை. 1960 இலும் 1965 இலும் தொண்டமான் நியமன உறுப்பினராகவே சபைக்குள் போனார்.

குடியுரிமைப் பிரச்சினையில் தமிழ்க் காங்கிரஸை விட்டுப் பிரிந்த செல்வநாயகத்தோடும், அவர் விட்டுப் பிரிந்த ஜி.ஜி. பொன்னம்பலத்தோடும் 1972 இல் ஒரே கூட்டணியில் அமர்ந்தார். தனிநாட்டுக் கோரிக்கை வந்தபோது விலகி நின்றார். சிங்களக் கிராமங்கள் சூழ்ந்த தோட்டங்களில் அவரது மக்களுக்கு வேறு வழி இருந்ததா என்பதை வடக்கு, கிழக்கில் நாம் அதிகம் யோசித்ததில்லை.

1977 இல் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியானது. காமினி திசாநாயக்க, அநுர பண்டாரநாயக்கவுக்கு அடுத்து மூன்றாவதாக வந்து தொண்டமான் வென்றார். மறு ஆண்டு அமைச்சர். 1977, 1983 வன்செயல்களில் அடிபட்டு வன்னிக்கு ஓடிய மலையகக் குடும்பங்களைப் பின்னர் யுத்தமும் விடவில்லை. அவரோ அரசிலேயே இருந்தார். 1986 இல் தோட்டங்களில் பிரார்த்தனைப் போராட்டம் நடத்தி, நாடற்றோருக்குக் குடியுரிமை பெற்றது அங்கிருந்துதான்.

ஆனால் அவர் அமைச்சராக இருந்தபோது வந்த 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபை நிதி தோட்டங்களுக்குள் செல்லத் தடையாக இருந்தது. வாக்கு வந்தது, வீதி வரவில்லை.

1999 ஒக்டோபர் 30 இல் தொண்டமான் காலமானார். அந்தப் பிரிவு திருத்தப்பட்டது 2018 இல். நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரும் சபைகள் ஆறாகப் பிரிந்து, அக்கரப்பத்தனைக்கென்று ஒரு பிரதேச சபை கிடைத்ததும் அதே ஆண்டில்தான்.