ஃபீல்டு ஒர்க் போறீங்களா? பாரமகாலில் வயல் வயலாக நடந்த தாமஸ் மன்றோவின் கதை

சென்னை அண்ணா சாலையில் தீவுத்திடலைத் தாண்டிப் போகும்போது, அங்கவடி இல்லாத குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் சிலையைப் பார்த்திருப்பீங்க. அவர்தான் சர் தாமஸ் மன்றோ. 1820 முதல் 1827 வரை சென்னை மாகாணத்தின் கவர்னர். ஆனா அவர் பாடம் படிச்சது கோட்டைக்குள்ளே இல்ல, பழைய சேலம் மாவட்டத்தின் வயல்வெளிகளில்.

சமூகவியல், பொருளாதாரம், சோஷியல் ஒர்க் படிக்கிற மாணவர்கள் ப்ராஜெக்ட்டுக்காக ஒரு கிராமத்தில் போய் இறங்கும்போது வரும் குழப்பங்கள் அவருக்கும் வந்தன. யாரிடம் கேட்பது? அவர் சொல்வது உண்மையா? கையில் கிடைத்த எண்ணுக்கு என்ன அர்த்தம்?

யார் இந்த மன்றோ?

1761-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். அப்பா அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு வியாபாரம் செய்தவர். அமெரிக்கச் சுதந்திரப் போர் வந்ததும் அந்தத் தொழில் நொடிந்துபோனது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்திருந்த மகன், 1780-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சாதாரண ராணுவ கேடட்டாகச் சென்னைக்கு வந்து சேர்ந்தார். சின்ன வயசில் வந்த தட்டம்மையால் காது கொஞ்சம் மந்தம். ஆனா மொழிகள் மேல் தீராத ஆர்வம். படையில் இருந்தபடியே பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றுக்கொண்டார்.

சேலம் பக்கம் வந்தது எப்படி?

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து பாரமகாலும் சேலமும் கம்பெனியின் கைக்குப் போனது. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல் பகுதிகள் இதில் வரும். சிவில் அதிகாரிகள் பலருக்கு உள்ளூர் மொழி தெரியாது, அவர்களின் நேர்மை மீதும் சந்தேகம். அதனால் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் இந்தப் பொறுப்பை ராணுவ அதிகாரி அலெக்சாண்டர் ரீடிடம் கொடுத்தார். ரீடுக்கு உதவியாளர்கள் 3 பேர். வடக்கே கிரஹாம், நடுவே தருமபுரியில் மன்றோ, சேலம், நாமக்கல் அடங்கிய தெற்குப் பகுதியில் மெக்லியாட்.

அப்போது மன்றோவுக்கு வயசு 30. வருவாய் நிர்வாகத்தில் அனுபவம் கிடையாது.

டேட்டா யாரிடம் இருந்தது?

முதல் சிக்கல் இதுதான். ஊர்க் கணக்கு கர்ணத்தின் கையில் இருந்தது. நிலத்தின் அளவை, விளைச்சலைக் குறைத்துக் காட்டுவதற்கு எல்லோருக்கும் காரணம் இருந்தது. ஏன்னா கேட்க வந்தவரே வரி போட வந்தவர். பதில் சொல்பவருக்கு கேள்வி கேட்பவர் யார் என்பது முக்கியம்.

அதனால் கர்ணத்தின் ஓலையோடு நிற்காமல் வயலுக்கே போனார்கள். ஒவ்வொரு வயலையும் அளந்து, மண் என்ன, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, என்ன பயிர் என்று பதிவு செய்தார்கள். மன்றோ ஊர் ஊராகச் சுற்றி விவசாயிகளோடு நாள்கணக்கில் பேசினார். ஏட்டில் இருப்பது, விவசாயி சொல்வது, கண்ணால் பார்ப்பது என மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வேலையே. மெத்தடாலஜி வகுப்பில் இப்போது டிரையாங்குலேஷன் என்று சொல்லித் தருவது கிட்டத்தட்ட இதைத்தான்.

விவசாயி ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?

பல ஆண்டுகளுக்கு ஒரே வரி என்று குத்தகை கொடுத்தால் விவசாயிக்கு நிம்மதி என்று ரீட் நினைத்தார். ஆனா விவசாயிகள் தயங்கினார்கள். மழையை நம்பிப் பிழைக்கும் ஊரில், அடுத்த வருஷம் மாடு இருக்குமா, விதை இருக்குமா என்றே தெரியாத சிறு விவசாயி நீண்ட காலத்துக்கு எப்படி வாக்குக் கொடுப்பார்?

இந்தத் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்காமல், அதற்குக் காரணம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டவர் மன்றோ. வருஷா வருஷம் முடிந்த வயலை வைத்துக்கொள்ளலாம், முடியாததை விட்டுவிடலாம் என்ற முறையை அவர் ஆதரித்தார். 1796 டிசம்பரில் ரீட் வெளியிட்ட அறிவிப்பு அந்த உரிமையைக் கொடுத்தது. ரயத்துவாரி முறை இப்படித்தான் உருவெடுத்தது.

அளவு சரி, வரி அதிகம்

ஆனா கதை இதோடு சுபமாக முடியவில்லை. சேலத்தில் விதித்த வரி விவசாயிகளுக்குத் தாங்க முடியாத பாரம். 1799-ல் மன்றோ கன்னடக் கரைக்கு மாற்றலாகிப் போனார். அதன்பின் சேலம் மாவட்டம் மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விடப்பட்டது. அதிக வரியைக் கட்ட முடியாமல் பல மிட்டாதாரர்கள் நொடித்துப்போனார்கள், மிட்டாக்கள் மறுபடியும் அரசிடமே வந்தன. நிலத்தைத் துல்லியமாக அளந்தது வரியை நியாயமாக்கிவிடவில்லை.

1800 முதல் 1807 வரை கடப்பை, பெல்லாரி அடங்கிய பகுதியில் மன்றோ கலெக்டர். அங்கே தானே நிர்ணயித்த வரி அதிகம் என்று உணர்ந்து, 25 சதவீதம் குறைக்கச் சொல்லி 1807-ல் எழுதினார். மேலிடம் ஏற்கவில்லை. அவரே கவர்னராக வந்த பிறகுதான் அது நடந்தது. தன் ஆய்வு முடிவைத் தானே திருத்திக்கொள்வது எந்தக் காலத்திலும் சுலபமில்லை.

67-ல் ஒருவரா, 4-ல் ஒருவரா?

1822-ல் மாகாணம் முழுக்க எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர்கள் என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார் மன்றோ. 1826-ல் தொகுத்தபோது பள்ளி, கல்லூரிகள் 12,498, மாணவர்கள் 1,88,650. மக்கள்தொகை சுமார் 1.28 கோடி. அதாவது 67 பேருக்கு ஒருவர்.

மன்றோ அங்கேயே நிற்கவில்லை. பள்ளிக்குப் போனது பெரும்பாலும் பையன்கள், அதுவும் 5 முதல் 10 வயது வரை. அந்த வயதுப் பையன்களை மட்டும் வகுக்கும் எண்ணாக வைத்தால், சுமார் 4 பேரில் ஒருவர் படிக்கிறார். வீட்டில் கற்பவர்களையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் என்பது அவர் மதிப்பீடு. எண்ணிக்கை அதேதான், எதனால் வகுக்கிறோம் என்பதில் படமே மாறிவிடுகிறது. அந்தப் படத்துக்குள் பெண்கள் ஏறக்குறைய இல்லை என்பதும் இதே கணக்கில்தான் தெரியவருகிறது.

கடைசி நாட்கள்

1827-ல் ஊர் திரும்பும் முன், பழைய மாவட்டங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு வரக் கிளம்பினார். இன்றைய கர்னூல் மாவட்டத்தின் பத்திகொண்டாவில் காலரா தாக்கி ஜூலை 6-ல் இறந்தார்.

அவர் வரி வாங்க வந்த கம்பெனியின் ஆள். அதை மறந்துவிட்டு அவரைப் படிக்கக் கூடாது. அதே நேரம், அந்தக் காலத்து பாரமகால் ஆவணங்கள் பின்னர் புத்தகமாக அச்சாகி, மக்கள், விளைபொருள், வரி எனத் தனித்தனிப் பகுதிகளாக இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. சேலம், நாமக்கல்லில் கிராம ஆய்வுக்குக் கிளம்பும் மாணவர்கள் கேள்வித்தாள் தயாரிக்கும் முன் அவற்றைப் புரட்டிப் பார்க்கலாம். படிக்கும்போது, யார் கேட்டார், யார் பதில் சொன்னார், யாரைக் கேட்கவே இல்லை என்ற 3 கேள்விகளையும் பக்கத்தில் குறித்துக்கொண்டால் போதும்.