முட்டையில் தொடங்கிய தேடல்

ஜெர்மனியின் பாம்பர்க் நகரில் 1862ஆம் ஆண்டு பிறந்தவர் தியோடர் பொவேரி. மியூனிக் பல்கலைக்கழகத்தில் வரலாறும் தத்துவமும் பயிலச் சென்றவர், விரைவிலேயே உயிரியலின்பால் ஈர்க்கப்பட்டார். 1893 முதல் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராகப் பணியாற்றினார். ஆயினும் அவருடைய பெரும் ஆய்வுகளுக்குக் களமாயிற்று இத்தாலியின் நேப்பிள்ஸ் கடற்கரை ஆய்வகம். கடல் முள்ளெலியின் முட்டைகள் அங்குத் தாராளமாகக் கிடைத்தன.

கடுகினும் சிறிய அம்முட்டைக்குள் இயல்பாக ஒரு விந்தணுவே நுழையும். இரண்டு நுழைந்துவிட்டால், இரண்டாகப் பிரிய வேண்டிய கருமுட்டை ஒரே நேரத்தில் நான்காகப் பிரியும். குரோமோசோம்களும் தாறுமாறாகப் பங்கிடப்படும். பொவேரி அந்நான்கு செல்களையும் தனித்தனியே பிரித்து வளரவிட்டார். ஒரே முட்டையில் பிறந்த நான்கும் நான்கு விதமாகக் குறைபட்டன. ஆகவே, குரோமோசோம்களின் எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொன்றுக்கும் தனிப்பணி உண்டு என்று 1902இல் அவர் முடிவுகண்டார்.

அம்முடிவு அவரை இன்னொரு வினாவிடம் கொண்டு சேர்த்தது. குரோமோசோம் பிறழ்ந்த செல் மடியாமல், கட்டுக்கடங்காது பெருகினால் என்னவாகும்? புற்றுக்கட்டிகளில் ஒழுங்கற்ற செல்பிரிவு நிகழ்வதை ஹான்ஸ்மன் போன்றோர் முன்பே கண்டிருந்தனர். அதுவே நோயின் வேர் என்னும் கருத்தைப் பொவேரி 1914இல் நூலாக வெளியிட்டார். அவர் மருத்துவர் அல்லர். கையில் நேரடிச் சான்றும் இல்லை. மனித செல்லில் குரோமோசோம்கள் 46 என்பதே 1956இல்தான் உறுதியாயிற்று! துறை வல்லுநர் பலர் அந்நூலைப் பொருட்படுத்தவில்லை.

பெர்லினில் அமையவிருந்த பெரிய ஆய்வு நிறுவனத்தின் தலைமைப் பதவி தேடிவந்தபோது, உடல்நலம் இடங்கொடாமையால் அதனை ஏற்க மறுத்திருந்தார் பொவேரி. நூல் வெளிவந்த மறுஆண்டே, தம் 53ஆம் வயதில் காலமானார். அவர் மனைவி மார்செல்லா அமெரிக்கர், தாமும் உயிரியலறிஞர். கணவரின் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து 1929இல் வெளியிட்டார்.

சான்று 1960இல் பிலடெல்பியாவில் கிட்டியது. நாள்பட்ட இரத்தப் புற்றுநோய் ஒன்றில், இயல்பை மீறிக் குறுகிய ஒரு குரோமோசோமை நோவெலும் ஹங்கர்ஃபோர்டும் கண்டறிந்தனர். ஒன்பதாம், இருபத்திரண்டாம் குரோமோசோம்கள் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொண்டதன் விளைவே அது என்று 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். இன்றோ, செல்லிலிருந்து நீண்ட டி.என்.ஏ. இழைகளைப் பிரித்து, ஒளிரும் குறிகளைப் பதித்து, நுண்தடங்களில் நீட்டிப் படமெடுக்கின்றனர். குறிகளின் வரிசை இயல்பான வரைபடத்தோடு பொருந்தாத இடத்தில், ஒரு துண்டு இடம் பெயர்ந்ததோ அற்றுப்போனதோ புலனாகிறது. எம்மருந்து தருவது என்பதை மருத்துவர்கள் பல வேளைகளில் அப்பிழையைக் கொண்டே தீர்மானிக்கின்றனர்.